வடிகாலில் நிற்கும் சாட்சி
(ஆக்சிஜன் சென்சார் சொல்வதைப் படிப்பது எப்படி?)



ஒரு விடுகதையோடு ஆரம்பிப்போம். பட்டறையில் ஒரு பைக்குக்கு ஸ்கேனர் மாட்டுகிறார்கள். "காற்று அதிகம், பெட்ரோல் பத்தலை" என்று அது காட்டுகிறது. ஆனா சைலன்சர் பக்கம் போய் நின்னா பச்சைப் பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது! மைலேஜும் இறங்கிப்போச்சு. ஸ்கேனர் சொல்வது உண்மையா? மூக்கு சொல்வது உண்மையா?

ரெண்டுமே உண்மைதான். அது எப்படின்னு புரிந்துவிட்டால் ஆக்சிஜன் சென்சார் பற்றிப் பாதிப் பாடம் முடிந்தது. விடையைக் கட்டுரை நடுவில் வைத்திருக்கிறேன். அங்கே தாவிப் போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

இது நமக்கு எதுக்கு?

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் நெல் மூட்டை, உர மூட்டை, புல்லுக்கட்டு எல்லாமே ஏறும் வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்பு அது டூ ஸ்ட்ரோக். 2015-ல் எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. 2020-ல் கார்பரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. காரணம், 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்க பி.எஸ்.6 புகை விதி அமலானது. 2006-லேயே ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்திருந்தாலும், கிராமத்துத் தெரு வரைக்கும் இன்ஜெக்ஷன் வந்தது 2020-க்குப் பிறகுதான்.

கார்பரேட்டர் காலத்தில் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து, சத்தத்தைக் கேட்டே டியூனிங் செய்துவிடுவார். இப்போது அந்த ஸ்க்ரூவே இல்லை. பெட்ரோலைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் இ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர். அதற்குப் புகையிலிருந்து தகவல் சொல்வது ஆக்சிஜன் சென்சார். இதைப் படிக்கத் தெரியாவிட்டால் நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பணம் கொடுப்போம். கோளாறு அப்படியே இருக்கும். அறுவடை நேரத்தில் வண்டி படுத்தால் நஷ்டம் யாருக்கு?

14.7 கணக்கு

பெட்ரோல் முழுசாக எரிய வேண்டுமானால் 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதுதான் சரியான கலவை. இதை லாம்டா 1 என்று சொல்வார்கள்.

காற்று இதைவிட அதிகமானால் லாம்டா 1-க்கு மேல். இது லீன் கலவை.
பெட்ரோல் அதிகமானால் லாம்டா 1-க்குக் கீழ். இது ரிச் கலவை.

ஏன் சரியாக 1-லேயே நிற்க வேண்டும்? சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்டருக்காக! அது கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று விஷங்களையும் ஒரே நேரத்தில் முறிக்கிறது. லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் மூன்றும் ஒன்றாக முறியும். கலவை லீன் ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிக்கும். ரிச் ஆனால் மற்ற இரண்டும் தப்பிக்கும்.

வடிகாலைப் பார்த்து வயலைச் சொல்வது

ஒரு வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று தெரிய இரண்டு வழி உண்டு. மடையில் நின்று உள்ளே போவதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வடிகாலில் நின்று மிச்சம் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்கலாம்.

ஆக்சிஜன் சென்சார் வடிகாலில் நிற்கும் ஆள். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப்பில் அது மாட்டப்பட்டிருக்கிறது. இன்ஜெக்டர்தான் மடை. சென்சார் மடையைப் பார்ப்பதே இல்லை. பெட்ரோலையும் அது அளப்பதில்லை. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கா, இல்லையா? இந்த ஒரே ஒரு கேள்விக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். "பெட்ரோல் பத்தலை" என்பது சென்சார் சொன்னதல்ல. அதை வைத்து இ.சி.யு. செய்த ஊகம். இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க. கட்டுரை முழுக்க இதுதான் சாரம்.

சென்சாருக்குள் நம்ம பாடப்புத்தகம்!

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு படிக்கிறோமே, அது இங்கே வேலை செய்கிறது. வால்தர் நெர்ன்ஸ்ட் 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்ற பீங்கான் குப்பி இருக்கிறது. அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் சுத்தமான வெளிக்காற்று. 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் இந்தப் பீங்கானுக்குள் நகர ஆரம்பிக்கும். இரு பக்க ஆக்சிஜன் அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும். அதாவது இது ஒரு குட்டி பேட்டரி!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வெப்பநிலை 900 கெல்வின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு அயனியாக 4 எலக்ட்ரான் வேண்டும். அதனால் வாயு மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, பாரடே மாறிலியின் 4 மடங்கால் வகுத்தால் 0.0194 வோல்ட் வரும்.

லீன்: வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், புகையில் 2 சதவீதம். விகிதம் 10.5. அதன் இயற்கை மடக்கை 2.35. பெருக்கினால் சுமார் 0.05 வோல்ட்.

ரிச்: பிளாட்டினத்தின் மேல் மிச்ச ஆக்சிஜனும் எரிந்துபோவதால், அங்கே ஆக்சிஜனின் அழுத்தம் 10-இன் அடுக்கு கழித்தல் 20 வளிமண்டலம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். இயற்கை மடக்கை சுமார் 44.5. பெருக்கினால் 0.86 வோல்ட்!

பார்த்தீர்களா? கலவை கொஞ்சம்தான் மாறுகிறது. மின்னழுத்தமோ படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவுகிறது. அதனால் இந்தச் சாதாரண சென்சார் ஒரு ஸ்கேல் இல்லை. அது ஒரு சுவிட்ச் மாதிரி. "ரிச்சா, லீனா" என்று சொல்லும். "எவ்வளவு ரிச்" என்று அதனால் சொல்ல முடியாது.

பாஷ் கம்பெனி இதை 1976-ல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. முதலில் போட்டது வோல்வோ கார்களில். பெட்ரோலில் ஈயம் இருந்தால் இந்தப் பிளாட்டினம் கெட்டுவிடும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995-ல் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்டர் கட்டாயமானது. 2000-ல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. அதன் பிறகுதான் இந்தச் சென்சாருக்கு நம் நாட்டில் எங்கு போனாலும் பாதுகாப்பு.

வாசிப்பும் பொருளும்

0.1 முதல் 0.2 வோல்ட்: ஆக்சிஜன் மிச்சம் இருக்கு (லீன்)
0.45 வோல்ட்: எல்லைக்கோடு (லாம்டா 1)
0.8 முதல் 0.9 வோல்ட்: ஆக்சிஜன் மிச்சம் இல்லை (ரிச்)

இனி முக்கியமான விஷயம். நல்ல வண்டியில் இந்த எண் ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும்! சென்சார் "லீன்" என்றதும் இ.சி.யு. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். உடனே "ரிச்" என்று வரும். கொஞ்சம் குறைக்கும். மறுபடி "லீன்". மடையைத் திறந்தும் அடைத்தும் நீர் மட்டத்தைக் காப்பது போலத்தான். எனவே 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே சுறுசுறுப்பாக ஆடினால் ஆரோக்கியம். சோம்பலாக ஆடினாலோ ஒரே இடத்தில் நின்றாலோ கவனிக்கணும்.

மல்டிமீட்டரில் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை! மீட்டர் மெதுவானது. வேகமாக ஆடும் மின்னழுத்தத்தை அது சராசரி எடுத்து 0.4, 0.5 என்று காட்டும். "அசையவே இல்லை, சென்சார் செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஸ்கேனரில் கோட்டுப்படமாகப் பாருங்கள்.

இ.சி.யு. சென்சாரின் பேச்சைக் கேட்காத நேரங்களும் உண்டு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வேண்டுமென்றே ரிச்சாக ஓடும். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினாலும் ரிச். ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பல வண்டிகளில் பெட்ரோல் நின்றுவிடும்; அப்போது எண் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். இவை கோளாறு இல்லை.

டிரிம் என்ற நோட்டுப்புத்தகம்

இ.சி.யு. தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்று எழுதி வைத்திருக்கும். அதுதான் ஃப்யூல் டிரிம். உடனுக்குடன் மாறுவது குறுகிய கால டிரிம். பழகிப்போய் நிலைத்தது நீண்ட கால டிரிம். கூட்டல் 10-க்கும் கழித்தல் 10-க்கும் இடையில் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. கூட்டல் 20 என்றால் இ.சி.யு. எதையோ சமாளித்துக்கொண்டிருக்கிறது.

காற்றின் அளவை நேரடியாக அளக்கும் கார்களில் ஒரு நல்ல துப்பு உண்டு. ஐட்லிங்கில் மட்டும் கூட்டல் அதிகம், வேகத்தில் சரி என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐட்லிங்கில் சரி, வேகமெடுக்க எடுக்கக் கூட்டல் ஏறுகிறது என்றால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டரைப் பாருங்கள்.

விடுகதைக்கு விடை

பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன பெட்ரோலும் எரியாது, ஆக்சிஜனும் செலவாகாது. ரெண்டும் அப்படியே புகைக் குழாய்க்கு வரும். சென்சாருக்குப் பெட்ரோலை எண்ணத் தெரியாது. அது ஏராளமான ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு "லீன்" என்கிறது. இ.சி.யு. நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது. அதனால்தான் ஸ்கேனரில் லீன், மூக்கில் பெட்ரோல் வாடை!

இந்த வண்டிக்கு "லீன்தானே காட்டுது" என்று டியூனிங்கில் பெட்ரோலை ஏற்றினால் என்ன ஆகும்? எரியாத பெட்ரோல் கன்வர்டருக்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொன்று, சென்சாருக்கு முன்னால் பெண்ட் பைப் இணைப்பில் கசிவு. புகை விட்டுவிட்டுத் துடிப்பாகப் போவதால், இடைவெளியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பக்கத்து வயல் தண்ணீர் உடைப்பெடுத்து நம் வடிகாலில் சேர்ந்தது போல! வடிகாலில் நிற்பவர் பார்த்தது நிஜம். ஆனால் அது நம் வயல் தண்ணீர் இல்லை.

சாட்சியை விசாரிக்கும் முறை

1. முதலில் என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்ந்த சென்சாரின் பேச்சு செல்லாது.
2. ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். எண் 0.8-க்கு மேல் தாவ வேண்டும். விட்டதும் 0.2-க்குக் கீழே இறங்க வேண்டும். ரெண்டு பக்கமும் வேகமாகப் போனால் சாட்சி நல்லவர். கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள்.
3. எண் அசையவே இல்லை என்றால் ஒயரைப் பாருங்கள். நெல் வைத்திருக்கும் வீட்டில் எலிக்கு என்ன பஞ்சம்? ஒயரைக் கடித்திருக்கலாம்.
4. லீன் என்றால் வரிசை இது: பெண்ட் பைப் கசிவு, பிளக், காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர் அடைப்பு.
5. ரிச் என்றால்: ஒழுகும் இன்ஜெக்டர், அதிக பெட்ரோல் அழுத்தம், வெப்பநிலை சென்சாரின் தவறான தகவல்.
6. கடைசியாகத்தான் ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் பேச்சு.

சென்சாரின் சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைக்கவே கூடாது. வோல்ட் நிலை மட்டும். டெஸ்ட் லேம்ப் வேண்டவே வேண்டாம்.

டியூனிங் செய்வோருக்கு

முழு ஆக்சிலேட்டரில் நல்ல இழுவைக்கு லாம்டா 0.85 முதல் 0.9 வரை வைப்பது வழக்கம். ஆனால் சாதாரண சென்சார் 0.95-க்கும் 0.85-க்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். 0.86 வோல்ட்டை 0.88 ஆக்கினேன் என்று டியூனிங் செய்வது இருட்டில் நாற்று நடுவது மாதிரி. இதற்கு வைட்பேண்ட் சென்சார் என்ற வேறு வகை வேண்டும். அது லாம்டாவையே எண்ணாகத் தரும்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கு. நம் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2023-ல் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க அந்த அளவு எட்டப்பட்டது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. ஆனால் மீட்டரோ லாம்டாவை அளந்து, அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டும்! அதனால் 14.7, 13.5 என்ற எண்களை மறந்துவிட்டு லாம்டாவைப் பாருங்கள். லாம்டா எந்த எரிபொருளுக்கும் பொது. சுத்தப் பெட்ரோலுக்குக் கணக்கிட்ட பழைய இன்ஜெக்ஷன் வண்டியில் இந்தக் கலவையைப் போட்டால் டிரிம் கூட்டல் பக்கம் நகர்வதும் இயல்பே. அது சென்சார் கோளாறு இல்லை.

சென்சாரைக் கெடுப்பவை

சிலிகான் பசை: கேஸ்கெட்டுக்குப் பதிலாகக் கண்டபடி பூசினால் அதன் ஆவி பிளாட்டினத்தில் படிந்து சென்சாரை மந்தமாக்கும். "சென்சாருக்குப் பாதுகாப்பானது" என்று போட்டதை மட்டும் வாங்குங்கள்.

தண்ணீர்: ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும். கொதிக்கும் பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். ஓடி வந்த சூட்டோடு வண்டியைக் கழுவாதீர்கள்.

ஒயர் வழி: பல சென்சார்களில் உள்பக்கத்து வெளிக்காற்று ஒயர் வழியாகத்தான் போகிறது. கனெக்டரில் கிரீஸ் அப்பினால் அது மூச்சுத் திணறும்.

சாட்சியின் வாயைக் கட்டாதீர்கள்!

"மைலேஜ் ஏறும்" என்று சொல்லி, சென்சார் ஒயரில் ஒரு சின்னப் பெட்டியைச் சேர்க்கிறார்கள். அது இ.சி.யு.வுக்குப் பொய்யான எண்ணைக் கொடுக்கும். சிலர் சென்சாரையே கழற்றி போல்ட் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கலவை லீன் ஆனால் இழுவை குறையும், என்ஜின் சூடாகும். ரிச் ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிகமாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொல்லும். அதனால் பட்டறையிலும் சரி, வீட்டுக் கொட்டகையிலும் சரி, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தித்தான் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

சென்சார் நல்ல சாட்சி. தான் பார்த்ததை மட்டும் சொல்லும், பார்க்காததைச் சொல்லாது. அது எங்கே நின்று எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதுவது நம் வேலை. இதே குணம் ஆய்வுக்கூடத்து வோல்ட் மீட்டருக்கும் தெர்மாமீட்டருக்கும்கூட உண்டு. எண்ணை எழுதுவதற்கு முன்னால் "இந்தக் கருவி எதை அளக்கிறது?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிந்திக்க!

அ) சென்சாரின் பின்னால் பெண்ட் பைப்பில் கசிவு இருந்தால் வாசிப்பு அதே அளவுக்கு மாறுமா?

ஆ) நான்கு சிலிண்டர் காரில் ஒரு பிளக் மட்டும் வேலை செய்யவில்லை. நான்கின் புகையும் சேரும் இடத்தில் ஒரே சென்சார். அது என்ன காட்டும்? மற்ற மூன்று சிலிண்டர்களுக்கு என்ன ஆகும்?

விடை தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.